கலைகளில் நாய்: குறியும் உயிரும்

பழைய கிராமபோன் இசைத்தட்டுக்களைக் கையாண்டோர் அவற்றின் நடுவட்டத்தில் அமைந்த படமொன்றை மறந்திரார். வெண்மேனியும் கருஞ்செவியும் உடைய சிறு நாயொன்று, பித்தளை ஊதுகுழலின் வாய்க்கெதிரே அமர்ந்து, தலையைச் சற்றே சாய்த்துச் செவிகொடுக்கும் காட்சி அது. என் பாட்டனார் வீட்டிலே நாதசுர இசைத்தட்டொன்று சுழலத் தொடங்குமுன் அந்த நாயைப் பார்த்தலே சிறுவராகிய எமக்கு முதல் விருந்தாயிற்று. அது யாருடைய நாய்? யாது கேட்கின்றது? அதன் தலை ஏன் சாய்ந்துளது? அன்றெழுந்த இவ்வினாக்களே இக்கட்டுரைக்கு வித்தாயின.

அந்நாயின் பெயர் நிப்பர். அது 1884 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்தது. அதனை வளர்த்த மார்க் பரோட் என்பார் 1887 இல் இறக்க, அவருடைய உடன்பிறந்தாரும் ஓவியருமாகிய பிரான்சிஸ் பரோட் அதனை ஏற்று வளர்த்தார். ஒலிப்பொறியினின்றும் எழும் குரலைக் கேட்டு அது மயங்கி நின்ற நிலை அவர் நெஞ்சிற் பதிந்தது. நாய் 1895 இல் இறந்தது; ஓவியமோ 1898 அளவிலேயே எழுந்தது. முதலில் அவர் வரைந்தது உருளையினால் இயங்கும் பொறியை. 1899 இல் கிராமபோன் கம்பனியார், அவ்வுருளைப் பொறியை மறைத்து அதனிடத்தே தம்முடைய தட்டுப் பொறியை வரைந்து தரின் படத்தை வாங்குவோம் என்றனர். ஓவியரும் அவ்வாறே செய்து, படத்துக்கு 50 பவுணும் உரிமைக்கு 50 பவுணுமாக நூறு பவுண் பெற்றார். எசமானின் குரல் என்னும் பொருள்படும் பெயரோடு அப்படம் உலகமெங்கும் பரந்தது.

இவ்வொரு படத்தினின்றும் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, நாய் இங்கே ஒரு வாணிகக் குறியாயிற்று என்பது. இரண்டாவது, அந்நாய் படத்தில் இல்லாத ஒருவரை நோக்கியே இருக்கின்றது என்பது. ஒரு கலைப்படைப்பிலே நாயானது தன்னையன்றிப் பிறிதொன்றை, அதாவது விசுவாசத்தையோ காவலையோ செல்வத்தையோ உணர்த்த நிற்குமாயின் அதனைக் குறி என்போம். அது தானாகவே நோக்கப்படுமாயின் அதனை உயிர் என்போம். ஓவியம், புகைப்படம், திரைப்படம், வீடியோ என்னும் துறைகளில் நாய் இடம்பெற்ற வரலாறு, பெரும்பாலும் அது குறியாக நின்ற வரலாறேயாம். எனினும் சிலவிடங்களிற் குறியைக் கிழித்துக்கொண்டு உயிர் வெளிப்படுகின்றது. அதனைக் காட்டிக்கொடுப்பது நாயின் நோக்கு. அந்நோக்கைப் பின்பற்றிச் செல்லுதலே இக்கட்டுரையின் நெறி.

மனிதன் பழக்கிய விலங்குகளுள் நாயே மிகத் தொன்மையானது. ஏறத்தாழப் பதினையாயிரம் ஆண்டுகளுக்கேனும் முன்னரே அது மனிதனை அடுத்து வாழத் தொடங்கிற்று என்பர் ஆய்வாளர். ஆகவே மனிதன் படம் எழுதக் கற்ற பின்னர் அவன் அருகில் நின்ற நாயும் படத்துட் புகுந்தது வியப்பன்று. சவூதி அரேபியாவின் சுவைமிஸ் என்னுமிடத்துப் பாறைகளிலே வேட்டைநாய்க் கூட்டங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சிலவற்றின் கழுத்தினின்றும் வேட்டுவனின் இடைவரை கோடுகள் செல்கின்றன. அவை கயிற்றைக் குறிப்பன எனக் கொள்வர். அப்படங்கள் எண்ணாயிரம் ஆண்டுப் பழமை உடையன ஆகலாம் என மதிப்பிடப்படுகின்றது. கலையில் நாய் தோன்றிய தொடக்கத்திலேயே கயிறும் உடன் தோன்றிவிட்டது.

குறிக்கும் உயிருக்கும் உள்ள வேற்றுமையை இத்தாலியின் பொம்பெய் நகரத்தைப் போலக் காட்டவல்ல இடம் பிறிதில்லை. அங்கே ஒரு செல்வர் மாளிகையின் வாயிற்றளத்திலே, சிறு கற்களைப் பதித்து, சங்கிலியிற் கட்டுண்ட நாயொன்றின் உருவத்தை அமைத்துள்ளனர். நாய் உண்டு, விழிப்பாயிரு என்னும் பொருளில் இலத்தீன் மொழித் தொடரும் அதன்கீழ் உளது. அந்த நாய் குறியே; வருவோர்க்கு எச்சரிக்கை. கி.பி. 79 இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது அந்நகர் சாம்பரில் மூழ்கிற்று. சாம்பரிற் புதைந்த உடல்கள் அழிந்தபின் எஞ்சிய வெற்றிடங்களிலே பாரிசுச் சாந்தை வார்த்து உருவங்களை மீட்கும் முறையை 1863 இல் பியோரெல்லி என்னும் அகழ்வாய்வாளர் கையாண்டார். அம்முறையால் 1874 இல் மற்றொரு வீட்டிலே நாயொன்றின் வடிவம் வெளிப்பட்டது. கழுத்துப்பட்டையோடு கட்டப்பட்டிருந்த அந்நாய், உடல் முறுக்கி, கால்கள் மேலெழ இறந்துகிடந்தது. அதனை அவிழ்த்துவிட அங்கே எவரும் இருந்திலர். ஒரே நகரிற் சங்கிலியிட்ட நாய்கள் இரண்டு: ஒன்று காவலின் குறி, மற்றது காவலில் விடப்பட்ட உயிர். முன்னதைக் கலைஞன் செய்தான். பின்னதை எந்தக் கலைஞனும் செய்திலன். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கும் முயற்சியே பின்வந்த கலைஞர்க்குப் பணியாயிற்று.

ஐரோப்பிய ஓவியத்தில் நாய் நெடுங்காலம் செல்வர்தம் உடைமையாகவே காட்சியளித்தது. யான் வான் ஐக் 1434 இல் வரைந்த ஆர்னொல்பினி தம்பதியர் ஓவியத்தில், கைகோத்து நிற்கும் இருவரின் காலடியிலே மயிரடர்ந்த சிறு நாயொன்று நிற்கின்றது. அது கற்பின் குறி என்பார் ஒருசாரார். செல்வச் சிறப்பின் அடையாளமே என்பார் மற்றொருசாரார். ஆயினும் அப்படத்திலே தம்பதியர் எம்மைப் பாராதிருக்க, நாய் ஒன்றே நேரே எம்மை நோக்குகின்றது. அகச்சிவப்புக் கதிர்கொண்டு ஆராய்ந்தோர், ஏனைய உருவங்களுக்குள்ளது போல அந்நாய்க்கு அடிவரைவு இல்லையெனக் கண்டனர். அஃதாவது, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஓவியர் அதனைச் சேர்த்துக்கொண்டார்.

ஸ்பானிய ஓவியரான வெலாஸ்குவெஸ் 1656 இல் வரைந்த அரசவைத் தோழியர் என்னும் புகழ்பெற்ற ஓவியத்தில் இதற்கு மறுதலையான நிலையைக் காண்கின்றோம். அங்கே இளவரசி முதலாகப் பலர் சட்டத்துக்கு வெளியே நிற்கும் அரசனையும் அரசியையும் நோக்குகின்றனர் என்பர். அவ்விருவரின் நிழலுருவம் பின்சுவர்க் கண்ணாடியிலே தெரிகின்றது. படத்தின் முன்றலிலே படுத்திருக்கும் பெருநாயோ எவரையும் நோக்கவில்லை. சிறுவனொருவன் தன் காலால் அதன் முதுகைத் தீண்டவும் அது கண்களை முக்காலும் மூடிக் கிடக்கின்றது. மனிதர் அனைவரும் எசமானை நோக்க, நாய் மட்டும் தன்பாட்டில் இருக்கின்றது. அரண்மனையிலே விடுதலை பெற்ற உயிர் எது என அவ்வோவியர் வினவினாரோ என எண்ணத் தோன்றும்.

தமிழ் நிலத்துச் சிற்பத்திலும் இவ்விருநிலையும் உண்டு. வைரவக் கடவுளின் திருவுருவத்துக்குப் பின்னே நிற்கும் நாய் அவருடைய ஊர்தி. அது அவரை இன்னாரென அறிவிப்பது. தனக்கெனப் பெயர் அதற்கில்லை. ஆனால் திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரிலே, முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல்லொன்று உளது. காலம் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கால்நடையைக் காக்கும் பூசலிற் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயும் அக்கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. அது இரு கள்வரைக் கடித்துக் காவல் செய்ததெனக் கூறும் அக்கல்வெட்டு, கோவிவன் என்னும் அதன் பெயரையும் பொறித்துள்ளது. பெயர் சிறிய செய்தியன்று. குறிக்குப் பெயர் வேண்டுவதில்லை. இழந்தோர் ஒருவரேனும் இருந்த உயிருக்கே கல்லிற் பெயர் வெட்டப்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே ஹோகாத் என்னும் ஓவியர் நாயை அறத்தின் துணையாகக் கொண்டார். 1745 இல் அவர் தம்மை வரைந்தபோது தம் வளர்ப்பு நாயையும் முன்னிறுத்தி வரைந்தார். 1751 இல் அவர் வெளியிட்ட கொடுமையின் நான்கு படிகள் என்னும் செதுக்கோவியங்கள், பொதுமக்கள் வாங்கத்தக்க எளிய விலையில் அச்சிடப்பட்டன. அவற்றுள் முதலாவதிலே தெருச்சிறுவர் விலங்குகளை வதைக்கின்றனர். கதைத்தலைவனாகிய சிறுவன் நாயொன்றை அம்பினாற் குத்த, நல்லுள்ளம் படைத்த மற்றொரு சிறுவன் தன் கையிலிருந்த பண்டத்தைத் தந்து அதனை விட்டுவிடும்படி இரக்கின்றான். நாயை வதைத்தவன் பின்னர்க் கொலைஞனாகித் தூக்கிலேறுகின்றான். இறுதிப்படத்தில் அவன் உடல் மருத்துவர் அறையிலே அறுக்கப்பட, கீழே நாயொன்று அவன் இதயத்தை உண்ணுகின்றது. நாயிடம் தொடங்கும் கொடுமை நாயோடு நில்லாது என்பதே அவர் கற்பித்த பாடம்.

அடுத்த நூற்றாண்டில் லாண்ட்சியர் என்பார் நாய் ஓவியத்தாற் பெரும்புகழ் ஈட்டினார். 1837 இல் அவர் வரைந்த முதிய இடையனின் தலைமைத் துக்கக்காரன் என்னும் ஓவியத்திலே, வெற்றறையொன்றில் இடையனின் சவப்பெட்டி கிடக்க, அவனுடைய நாய் தன் மோவாயை அப்பெட்டிமேற் பதித்துள்ளது. கலைத்திறனாய்வாளர் ரஸ்கின் அதனை வியந்து போற்றினார். நாய் நோக்கும் எசமான் இங்கே மூடிய பலகைக்குள் இருக்கின்றான். பிற்காலத்தார் இத்தகைய ஓவியங்களைக் கண்ணீர் மிகுந்தன என இகழ்ந்ததுமுண்டு. அவ்விகழ்ச்சியில் உண்மையும் உண்டு: மனிதர் தம் துயரத்தை நாயின் முகத்தில் எழுதி, அதனைப் பார்த்துத் தாமே உருகினர்.

இவ்வோவியங்கள் யாவற்றினும் ஆழமானது ஸ்பானிய ஓவியர் கோயா 1820 ஐ அடுத்த ஆண்டுகளிலே தம் வீட்டுச் சுவரில் வரைந்த நாயாகும். முதுமையும் நோயும் செவிட்டுத்தன்மையும் சூழ அவர் தமக்காகவே வரைந்த பதினான்கு கரிய ஓவியங்களுள் அது ஒன்று. அவர் அதற்குப் பெயரிடவும் இல்லை. பின்னர்ச் சுவரினின்றும் பெயர்க்கப்பட்டு இன்று மட்ரிட் நகரின் பிராடோ கலைக்கூடத்தில் உளது. உயர்ந்த படத்தின் அடியிலே சரிந்த மண்மேட்டுக்கு மேலே நாயின் தலை மட்டும் தெரிகின்றது. அது மேல்நோக்கிப் பார்க்கின்றது. மேலேயோ மங்கிய மஞ்சள் வெளியன்றி யாதுமில்லை. எசமான் இல்லை, சவப்பெட்டியும் இல்லை. நோக்கு மட்டும் உளது. குறி எனக் கொள்ளுதற்கு அங்கே எதுவும் எஞ்சாமையால், நாய் முழுவதும் உயிராய் நிற்கின்றது.

புகைப்படக்கலை தோன்றியபோது நாய் அதற்கு எளிதில் அகப்படவில்லை. தொடக்கக்காலக் கமராக்களின் முன் பல நொடிகள் அசையாதிருத்தல் வேண்டும். வாலாட்டும் நாய் படத்திலே புகையாய்க் கலைந்தது. 1887 இல் மைபிரிட்ஜ் என்பார் விலங்குகளின் இயக்கம் பற்றி வெளியிட்ட 781 படத்தாள்களிலே ஓடும் நாய்களின் ஒவ்வோர் அடியும் தனித்தனியே பதிவாயிற்று. கண்ணாற் காணவியலாத கால்வைப்பு அப்போது புலனாயிற்று. இத்தகைய படங்களால் ஊக்கம்பெற்ற இத்தாலிய ஓவியர் பல்லா, 1912 இல் கயிற்றிற் கட்டிய நாயின் இயக்கம் என்னும் ஓவியத்தை வரைந்தார். அதிலே குறுங்கால் நாயொன்றுக்கு எண்ணற்ற கால்கள், கயிறும் பல, எசமானியோ பாவாடை விளிம்பும் காலணிகளுமாகவே தெரிகின்றாள். எசமானைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி நாயின் உயரத்தில் நின்று உலகைப் பார்த்தது அவ்வோவியம். எலியட் எர்விட் என்னும் புகைப்படக்காரர் 1974 இல் நியூ யோர்க்கில் எடுத்த படமும் அந்நெறியதே. தொப்பியணிந்த சின்னஞ்சிறு நாயொன்று, அதனருகே ஒரு பெண்ணின் காலணிகள், அவற்றுக்கப்பால் பெருநாயொன்றின் முன்னங்கால்கள்: இவையே அப்படம். பெரியோர் அனைவரும் கால்களாக, சிறு நாய்க்கு மட்டுமே முகம் உளது.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். 1895 டிசெம்பர் 28 ஆம் நாள் பாரிசிலே லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுத் திரையிட்ட முதற் படங்களுள், தொழிற்சாலையினின்றும் தொழிலாளர் வெளியேறும் காட்சி ஒன்றாகும். அக்கூட்டத்திடையே நாயொன்றும் ஓடி வருகின்றது. ஆகவே திரைப்படம் பிறந்தபோதே நாயும் அதனுள் இருந்தது. பத்தாண்டின் பின், 1905 இல், இங்கிலாந்திலே ஹெப்வேர்த் தயாரித்த ரோவர் மீட்ட குழந்தை என்னும் கருத்தமைந்த சிறுபடம் வெளிவந்தது. கள்வியொருத்தி கொண்டுசென்ற குழந்தையைத் தேடி, நாய் பலகணி வழியே பாய்ந்து, தெருக்களைக் கடந்து, ஆற்றை நீந்தி, குழந்தையைக் கண்டு, மீண்டு வந்து எசமானை அழைத்துச் செல்கின்றது. நடித்தது ஹெப்வேர்த்தின் வீட்டு நாயாகிய பிளேயர். பிரதிகளுக்கு எழுந்த வேட்கையால் மூலச்சுருள் தேய்ந்துபோக, முழுப்படத்தையும் மேலும் இருமுறை எடுக்க நேர்ந்தது. ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்துக்கு ஓட்டம் தொடர்வதாகக் காட்சித்துண்டுகளை இணைக்கும் கலையைத் திரைப்படத்துக்குக் கற்பித்த படங்களுள் அதுவும் ஒன்று. அவ்விணைப்பின் இழையாய் அமைந்தது நாயின் ஓட்டம்.

நாய் எவ்வாறு நடிக்கின்றது? உண்மையில் அது நடிப்பதில்லை. கமராவுக்குப் பக்கத்தே நிற்கும் பயிற்சியாளனை அது நோக்குகின்றது. அவன் கைகாட்ட அமர்கின்றது, எழுகின்றது, குரைக்கின்றது. அந்நோக்கைக் கதைமாந்தரின் முகத்தோடு தொகுப்பாளர் இணைக்கும்போது, நாய் கவலையுறுகின்றது, நினைக்கின்றது, மன்னிக்கின்றது என நாம் கொள்கின்றோம். அடுத்தடுத்து வரும் துண்டுகளைப் பார்ப்போர் மனமே பொருள்தந்து இணைக்கும் என்பதை உருசிய நெறியாளர் குலெஷோவ் மனித முகத்தைக்கொண்டு காட்டினார். நாயின் முகத்துக்கு அது இன்னும் நன்கு பொருந்தும். முதல் உலகப்போரின்போது, 1918 இல், பிரான்சின் போர்க்களத்தருகே அமெரிக்கப் போர்வீரர் லீ டங்கன் கண்டெடுத்த குட்டியாகிய ரின் டின் டின், 1923 முதல் ஹொலிவூட்டின் பெருநடிகனாயிற்று. அவை ஊமைப்படங்களாதலின் டங்கன் உரத்த குரலில் ஆணையிடலாம். பேசும்படம் வந்தபின் பயிற்சியாளர் கைச்சைகையால் மட்டுமே ஆணையிட வேண்டியதாயிற்று. 1943 இல் வெளிவந்த லாசியின் கதையிலே பெண்நாயாக நடித்தது பால் என்னும் ஆண்நாய். பார்ப்போர் அதனைப் பொருட்படுத்தினாரில்லை. குறிக்கு ஆண் பெண் வேற்றுமையும் இல்லை போலும்.

குறியின் புகழ் உயிருக்குக் கேடாவதும் உண்டு. 1927 முதல் 2004 வரை வெளிவந்த 87 நாய்ப்படங்களை அமெரிக்க நாய்ப்பதிவேடுகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2014 இல் வெளியாயிற்று. ஒரு படம் புகழ்பெறின் அதிற் காட்டிய இனத்தை வாங்குவோர் தொகை பத்தாண்டுவரையும் உயர்ந்திருக்கக்கூடும் என அது கண்டது. லாசியின் படத்துக்குப் பின்னர் இரண்டாண்டில் அவ்வினத்தின் பதிவு நூற்றுக்கு 40 வீதம் ஏறிற்று. திரையிற் கண்ட குறியை விரும்பி வாங்கியோர் யாவரும், உண்ணவும் ஓடவும் நோயுறவும் செய்கின்ற உயிரை விரும்பினர் எனக் கூறவியலாது. படப்பிடிப்பிலும் விலங்குகள் துன்புற்றமை உண்டு. அமெரிக்காவில் 1940 முதல் மேற்பார்வை ஏற்பட்டது. எவ்விலங்கும் ஊறுபடவில்லை என்னும் இறுதிச்சான்றை 1972 இல் முதன்முதலிற் பெற்றது, டோபர்மன் நாய்களைப் பற்றிய படமே.

யப்பானிலே நிகழ்ந்ததொன்றும் ஈண்டு நினையத்தக்கது. பல்கலைக்கழகப் பேராசிரியர் உவேனோ 1925 இல் இறந்தபின், அவர் வரும் புகையிரதத்தை எதிர்பார்த்து அவருடைய நாய் ஹச்சிகோ 1935 இல் தான் இறக்கும்வரை தோக்கியோவின் சிபுயா நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது உயிரோடிருக்கும்போதே, 1934 இல், அதற்கு வெண்கலச் சிலை எடுத்தனர். திறப்புவிழாவுக்கு நாயும் வந்திருந்தது. விசுவாசத்தின் குறியாக எழுந்த அச்சிலை இரண்டாம் உலகப்போரில் உலோகத்தின் பொருட்டு உருக்கப்பட்டது. 1948 இல் முதற் சிற்பியின் மகன் மீண்டும் சிலை வார்த்தார். குறியை உருக்கலாம், மீண்டும் வார்க்கலாம். பத்தாண்டு நாடோறும் நிலையத்துக்கு நடந்த கால்களை வார்க்கவியலாது.

திரையிலே குறியைக் கடந்து நாயை உயிராகக் காட்டிய படங்களுள், இத்தாலிய நெறியாளர் டி சீக்கா 1952 இல் வெளியிட்ட உம்பெர்ட்டோ டி. என்பதற்கு இணை அரிது. ஓய்வூதியத்தில் வாழும் முதிய அரசாங்க ஊழியர் ஒருவரும், பிளைக் என்னும் அவருடைய சிறு நாயுமே அதன் மாந்தர். முதியவராக நடித்தவர் தொழில்முறை நடிகரல்லர். புளோரன்சுப் பல்கலைக்கழக மொழியியற் பேராசிரியர் கார்லோ பத்தீஸ்தி. வாடகைக்கு வழியற்ற முதியவர் இரக்க நினைத்துக் கைநீட்டுகின்றார். ஒருவர் அருகே வர, மழைபெய்கின்றதோ எனப் பார்ப்பவர்போல உள்ளங்கையைத் திருப்பிவிடுகின்றார். பின்னர்த் தம் தொப்பியை நாயின் வாயிற் கொடுத்து அதனை இரக்க நிறுத்தித் தூணின் பின் ஒளிகின்றார். இறுதியில் வாழ்வை வெறுத்து, நாயைத் தழுவியவாறே புகையிரதப் பாதையை அணுகுகின்றார். வண்டி முழங்கி வர, நாய் அஞ்சி முனகித் திமிறி அவர் கையினின்றும் தப்பி ஓடுகின்றது. வண்டி கடந்து போகின்றது, முதியவர் பிழைத்துவிட்டார். ஆனால் அவர் அழைக்க நாய் வருவதில்லை. தொலைவில் நின்று அவரை ஐயத்தோடு நோக்குகின்றது. தேவதாருக் காயொன்றைக் காட்டி விளையாட அழைத்து, மெல்ல மெல்லவே அவர் அதன் நம்பிக்கையை மீட்கின்றார். விசுவாசத்தின் குறியாயின் நாய் எசமானோடு இறந்திருத்தல் வேண்டும். இந்த நாயோ உயிர். ஆகவே அது வாழ விரும்பிற்று. அவ்விருப்பமே எசமானையும் காத்தது.

அந்த நோக்கை யான் முன்னரே கண்டிருக்கின்றேன். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது நாங்களும் எம் வீட்டை விட்டு மழையில் நடந்தோம். எம் நாயைக் கொண்டுசெல்ல வழியில்லை. சங்கிலியை அவிழ்த்து, இருந்த சோற்றை இலையிலிட்டு, படலையைச் சாத்தினோம். அது குரைக்கவில்லை, படலையின் இடைவெளியால் எம்மைப் பார்த்து நின்றது. மீண்டு வந்தபோது அது இல்லை. அதன் புகைப்படமும் எம்மிடம் இல்லை. சங்கிலியையேனும் அவிழ்த்தோம் என்பதே பொம்பெய் நாயைப் படத்திற் காணுந்தோறும் எனக்கு எஞ்சும் ஆறுதல்.

எழுபதுகளில் வீடியோ என்னும் புதுக்கருவி கலைஞர் கைக்கு எட்டியது. அமெரிக்கக் கலைஞர் வில்லியம் வெக்மன் 1970 இல் சாம்பனிற வைமரானர் குட்டியொன்றைப் பெற்று, புகழ்பெற்ற கலைஞர் ஒருவரின் பெயரால் மன் ரே என அதனை அழைத்தார். அவர் படமெடுக்க, நாய் இடையிற் புகுந்து தொல்லைதரவே, அதனையே படத்தின் பொருளாக்கினார். 1973 - 74 இல் எடுத்த எழுத்துக்கூட்டற் பாடம் என்னும் மிகச் சிறிய வீடியோவிலே, மேசையருகே நாய் அமர்ந்திருக்க, அவர் ஆசிரியராய் அதன் விடைத்தாளைத் திருத்துகின்றார். கடற்கரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரு மரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒலியால் ஒன்று, எழுத்தால் வேறு. நாய் முன்னதை எழுதவேண்டிய இடத்திற் பின்னதை எழுதிவிட்டதாம். அவர் பொறுமையோடு பிழையை விளக்க, நாய் தலையைச் சாய்த்துக் கேட்கின்றது. நிப்பரின் சாய்வே அச்சாய்வும்.

உயர்வகுப்பு மாணவர்க்கு யான் இதனைக் காட்டியபோது அவர்கள் வயிறு குலுங்க நகைத்தனர். நகைப்பு அடங்கியபின், நாய்க்கு ஏதேனும் விளங்கிற்றா என ஒருவன் வினவினான். எழுத்துக்கூட்டல் விளங்கவில்லை; தன்னோடு ஒருவர் பேசுகின்றார் என்பது விளங்கிற்று என்றேன். விடை கூறியபின்னரே, என் வகுப்பிலும் தலைசாய்த்துக் கேட்டிருப்போருட் பலர்க்கு விளங்குவது அவ்வளவுதானோ என்னும் ஐயம் என்னைத் தைத்தது. அவ்வளவேனும் விளங்கின் நன்று என்றும் எண்ணினேன்.

வெக்மன் 1975 இல் எடுத்த நாய்களின் இரட்டையாட்டம் என்னும் வீடியோ, நாம் இதுவரை பின்பற்றிவந்த நோக்கையே பொருளாகக் கொண்டது. இரு நாய்கள் அருகருகே அமர்ந்து, சட்டத்துக்கு வெளியே அசையும் யாதோ ஒன்றை ஒருங்கே பார்க்கின்றன. தலைகள் மேலும் கீழும் பக்கமும் ஒன்றாய்த் திரும்புகின்றன. அவை காண்பது தெய்வமோ, பகையோ என நாம் மயங்கியிருக்க, இறுதியில் அது ஒரு பந்து எனத் தெரிகின்றது. நானூறு ஆண்டு ஓவியர் விசுவாசமென்றும் துயரமென்றும் எழுதிய நோக்கை, பந்தைப் பார்க்கும் நோக்காக அவர் காட்டிவிட்டார். இதனால் நாய் சிறுமையுற்றதில்லை; நாம் ஏற்றிய சுமையை இறக்கி நின்றது.

அண்மைக்காலத்திலே கமராவே நாயின் உயரத்துக்கு இறங்கிவந்தது. எலிசபெத் லோ 2017 முதல் 2019 வரை இஸ்தான்புல் நகரில் எடுத்து 2020 இல் வெளியிட்ட தெருநாய் பற்றிய ஆவணப்படம், செய்ற்றின் என்னும் எசமானற்ற நாயைப் பின்தொடர்கின்றது. மனிதர் பேச்சு துணுக்குத் துணுக்காகவே காதில் விழுகின்றது. வீடற்ற சிரிய அகதிச் சிறுவர் அந்நாயோடு உறங்குகின்றனர். இங்கே கயிறும் இல்லை. ஆணையிடும் பயிற்சியாளனும் இல்லை. நாய் தான் விரும்பியதை நோக்குகின்றது. கமரா அதன் பின்னே செல்கின்றது. சுவைமிஸ் பாறையில் வேட்டுவன் இடையிற் கட்டிய கயிறு, எண்ணாயிரம் ஆண்டின் பின் அவிழ்ந்தது எனலாம்.

ஆகவே நாய் இடம்பெறும் ஓவியத்தையோ படத்தையோ காணுங்கால் மாணவர் கேட்கத்தக்க வினா இரண்டு. இது எதனைக் குறிக்கின்றது என்பது முதல் வினா. அதனோடு நிற்றல் ஆகாது. இது எதனை நோக்குகின்றது என்பது இரண்டாம் வினா. முதல் வினா மனிதரைப் பற்றி அறிவிக்கும். இரண்டாவது வினாவே நாயிடம் அழைத்துச்செல்லும். நாயைக் குறியாக மட்டும் காணப் பழகிய கண், மனிதரையும் அவ்வாறே காணப் பழகுதல் எளிது என்பதை ஹோகாத் முன்னரே எச்சரித்தார்.

இனி அந்த இசைத்தட்டு நாயிடம் மீள்வோம். பொறி மாறியபோது ஓவியர் பொறியை மாற்றி எழுதினார். பழைய பொறியின் சுவடு இன்றும் மூல ஓவியத்தின் வண்ணத்தின்கீழ்த் தெரிகின்றது என்பர். பின்னர் ஊதுகுழல் போயிற்று, இசைத்தட்டும் வழக்கொழிந்தது. ஆனால் நாயை எவரும் மாற்றி எழுத வேண்டியிருந்ததில்லை. தன்னோடு பேசும் ஒருவரைத் தேடி அதன் தலை அன்றுபோல இன்றும் சாய்ந்தே இருக்கின்றது.